ஏழு நாற்காலிக் கடைக்கு எட்டுப் பேர்: தோக்கியோ பார் சுற்று பற்றி ஒரு தங்கச்சிக்கு

தங்கச்சி கேட்டது இதுதான்: நவம்பரில் தனியாகத் தோக்கியோ போகிறேன், ஷின்ஜுகுவில் ஒரு கைடு எட்டுப் பேரைச் சேர்த்து மூன்று மணி நேரத்தில் மூன்று பாருக்குக் கூட்டிப் போகும் 'பார் கிரால்' ஒன்று கண்ணில் பட்டது, சேரலாமா, இல்லை வீண் செலவா? குடி அதிகம் பழக்கமில்லை, மாட்டிறைச்சி தொடமாட்டேன், கூச்ச சுபாவம் வேறு. கடைசியில் 'நான் சுங்கை சிப்புட்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள். அதற்கப்புறம் பதில் எழுதாமல் எப்படி இருப்பது? நானும் மலேசியாவில் அதே ஊர்தான், டவுனில் இல்லை, உள்ளே தோட்டத்தில். பால்மரம் எல்லாம் செம்பனை ஆன பிறகும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசியாக இருந்த சில குடும்பங்களில் எங்களுடையது ஒன்று.

ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கிழக்கு நோக்கும் கொள்கை என்று நம் அரசாங்கம் 1982ல் ஆரம்பித்ததே, அந்த வழியில் ஜப்பானுக்குப் படிக்கப் போனவன் நான். 4 வருடம் படிப்பு, 5 வருடம் வேலை. அந்த மாதிரிச் சுற்றுகளில் காசு கட்டி இரண்டு தடவை போயிருக்கிறேன். அதைவிட முக்கியம், கைடாக இருந்த ஒரு நண்பனுக்கு உதவியாகப் பத்துப் பன்னிரண்டு இரவுகள் கூட்டத்தின் வாலாக நடந்திருக்கிறேன். வால் என்றால், யாரும் சந்தில் தொலைந்துபோகாமல் கடைசி ஆளாக வருவது. முன்னால் போகும் கைடுக்குத் தெரியாத பல விஷயம் வாலில் வருகிறவனுக்குத் தெரியும்.

போங்கள். ஆனால் குடிக்கக் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள்.

நம் பக்கத்தில் தோட்டத்து முச்சந்தி ஒட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும், எல்லார் தலையும் திரும்பும், கடைக்காரர் கூட 'என்ன வேணும்' என்று ஒரு மாதிரிதான் கேட்பார். அதே ஆள் 'நம்ம மாரி கூட்டிட்டு வந்தவர்' என்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், யார் வீட்டுப் பிள்ளை, எந்த டிவிஷன் என்று விசாரணை நடக்கும், பசியாறாமல் போகவிட மாட்டார்கள். ஷின்ஜுகுவில் நீங்கள் காசு கொடுப்பது அந்த மாரிக்குத்தான். சரக்குக்கு இல்லை.

ஏன் அங்கே மாரி தேவைப்படுகிறார் என்றால், கோல்டன் காய் என்கிற இடமே அப்படி. ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவின் ஓரமாக, ஹனாசோனோ கோயிலுக்குப் பக்கத்தில், ஆறு சந்து. போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையில் வேர் விட்ட இடம், 1958ல் விபச்சாரத் தடைச் சட்டம் முழுசாக அமலுக்கு வரும்வரை அந்தத் தொழிலும் நடந்தது, அப்புறம்தான் எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் உட்காரும் இடமானது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டிய அகலம். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பார்கள். பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, மூடின மரக்கதவு, அதற்குப் பின்னால் ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் படி, மேலே ஏறினால் நம் லயத்து வீட்டின் சமையற்கட்டு அளவுக்கு ஓர் அறை. ஆறு ஏழு நாற்காலி. கவுண்டருக்குப் பின்னால் மாமா-சான், அதாவது கடை நடத்துகிற அம்மா. நம் 'மாமா'வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் முதல் வாரம் முழுக்கக் குழப்பிக்கொண்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய விஸ்கி போத்தல்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதின சின்ன அட்டை. வாடிக்கைக்காரர்கள் முழுப் போத்தலாக வாங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்த தடவை வந்து விட்ட இடத்திலிருந்து குடிப்பார்கள். ஒரு கடையில் மாமா-சான் ஓர் அட்டையைக் காட்டி, இந்த ஆள் இரண்டு வருடமாக வரவில்லை, ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றார். கைடு இல்லாமல் போயிருந்தால் அந்த அட்டை என் கண்ணில் பட்டிருக்காது, பட்டிருந்தாலும் கேட்கிற அளவுக்கு அப்போது எனக்கு ஜப்பானியம் போதாது.

இப்போது அந்த எட்டுப் பேர் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் 'சின்னக் குழு' என்று போடுவார்கள். நாற்பது பேரைச் சட்டை மாட்டிவிட்டுக் கத்தவிடும் ஐரோப்பியச் சுற்றுகளோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் ஏழு நாற்காலிக் கடைக்கு எட்டுப் பேர் என்பது திருவிழாக் கூட்டம். ஏற்கெனவே இரண்டு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. நல்ல கைடு என்ன செய்வார் என்றால் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார், அல்லது குழுவை நாலு நாலாகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஏற்றிவிட்டு நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். சுமாரான கைடு எல்லாரையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே இருக்கிற பெரிய பாருக்குக் கொண்டுபோய் நிறுத்துவார், அங்கே உங்களுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது வேறொரு சுற்றில் வந்த ஆஸ்திரேலியர்தான். அதனால் பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்: கோல்டன் காயில் எட்டுப் பேரை எப்படி உட்கார வைப்பீர்கள்? தெளிவாகப் பதில் வந்தால் காசு கட்டலாம். 'கவலை வேண்டாம், ஜாலியாக இருக்கும்' என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் 2018 ஜனவரியிலிருந்து ஜப்பானில் உரிமம் இல்லாதவர்களும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. மிக நல்லவர்களும் அதனால்தான் உள்ளே வந்தார்கள், நேற்று விமானத்தில் இறங்கினவர்களும் அதனால்தான் வந்தார்கள்.

காசு. இந்த மாதிரிச் சுற்றுக்குப் பத்தாயிரம் யென்னை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே கேட்பார்கள். 100 யென்னுக்கு 3 வெள்ளி, அதாவது 3 ரிங்கிட், என்று கணக்குப் போடுங்கள், உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் பயணத்தில் கூடுதலாகக் கணக்குப் போட்டவர் அழுததில்லை. ஆக 300 வெள்ளி. நீங்களே மூன்று கடை ஏறி இறங்கினால், உட்காருவதற்கே பல இடங்களில் 500 முதல் 1,000 யென் வரை எடுப்பார்கள், ஒரு கிளாஸ் 800, 1,000 என்று போகும், மொத்தம் ஐயாயிரம் ஆறாயிரம். மீதிதான் மாரியின் பங்கு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த உட்காரும் காசு சுற்றுக் கட்டணத்தில் அடங்குமா, கிளாஸ் ஒவ்வொரு கடையிலும் ஒன்று சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைக்குக் கடை கைப்பை திறக்க வேண்டியிருக்கும். நோட்டாகக் கொண்டுபோங்கள், சின்னக் கடைகள் பலவற்றில் வங்கி அட்டை ஓடாது. டிப்ஸ் வேண்டாம். வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடி வருவார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் முன்னால் வரும். நாலு வாய் அவியல் மாதிரி ஏதோ, இல்லை ஊறுகாய், இல்லை ஒரு துண்டு மீன். இதற்குப் பெயர் ஒதோஷி. 'நான் கேட்கலையே' என்று தள்ளிவிடாதீர்கள், அதுதான் உட்காரும் காசின் உருவம். வெந்நீரில் நனைத்த துண்டு தருவார்கள், கையை மட்டும் துடையுங்கள். அது முகத்துக்கு இல்லை.

மாட்டிறைச்சி விஷயத்தில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. அந்தக் கிண்ணத்திலேயே வரலாம். பார்த்தால் பழுப்பாக, சோயாவில் வெந்த ஏதோ ஒன்று, கோழி என்று நினைப்பீர்கள், அது 'கியூசுஜி', மாட்டுத் தசைநார். கியூ என்ற சத்தம் காதில் விழுந்தால் மாடு, புத்தா என்றால் பன்றி, தொரி என்றால் கோழி. புத்தருக்கும் அந்த புத்தாவுக்கும் சம்பந்தமில்லை. ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு மேற்கே ஒமொய்தே யொகோச்சோ என்று ஒரு புகை மண்டிய சந்து இருக்கிறது, பாதிச் சுற்றுகள் அங்கேதான் ஆரம்பிக்கும். குச்சியில் சுடுவதெல்லாம் கோழி என்று நினைத்து நம் ஆட்கள் வெளுத்துக் கட்டுவார்கள், ஆனால் அங்கே பழைய கடைகளின் பேரே பன்றிக் குடல், ஈரல் சுடுவதில்தான். 'மொத்சு' என்றால் உள்ளுறுப்பு, அது எந்த மிருகத்தினுடையது என்பது கடையைப் பொறுத்தது. அதனால் இரண்டு நாள் முன்பே கைடுக்கு எழுதிப் போடுங்கள், அன்றைக்கு வாயால் சொன்னால் சத்தத்தில் காணாமல் போகும். சுத்த சைவம் என்றால் இன்னும் சிரமம், குழம்பு எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும். நீங்கள் மாடு மட்டும் தவிர்ப்பதால் சமாளிக்கலாம்.

அடுத்து, குடி. பழக்கமில்லை என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கேயே பாதிப் பேர் ஒரு பியருக்கே முகம் சிவந்து போகிறவர்கள். முதல் கிளாஸ் எல்லாரும் பியர் சொல்வார்கள், கம்பாய் என்று கிளாஸை இடிப்பார்கள். குழுவில் இருக்கிற இத்தாலிக்காரர் 'சின் சின்' என்பார், ஜப்பானியத்தில் அது சின்னப் பையன்கள் தங்கள் உறுப்பைச் சொல்லும் சொல், மாமா-சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நீங்கள் கம்பாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போத்தலாக வந்தால் உங்கள் கிளாஸில் நீங்களே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தவருக்கு ஊற்றுவது அங்கே மரியாதை, அவர் உங்களுக்கு ஊற்றுவார். இதில் ஒரு வசதி இருக்கிறது: கிளாஸ் நிறைந்திருக்கும்வரை யாரும் ஊற்ற மாட்டார்கள். வேண்டாமென்றால் குடித்து முடிக்காதீர்கள். நம் ஊர் கல்யாண வீட்டு மாமாக்கள் மாதிரி 'முடி முடி' என்று துரத்துவது குறைவு.

அளவு தெரிய வேண்டும். பியர் 5 விழுக்காடு, அரிசி மதுவான சாக்கே 15 சுற்றி, வடித்தெடுக்கும் சாராயமான ஷோச்சு 25. ஹொப்பி என்று ஒன்று கொடுப்பார்கள், 1948லிருந்து விற்கும் சரக்கு, பியர் வாடை வரும் ஆனால் அதில் போதை 1 விழுக்காடு கூடக் கிடையாது. ஆகா, இதுதான் நமக்கு என்று நினைப்பீர்கள். அது தனியாக வராது, கிளாஸில் ஏற்கெனவே ஷோச்சு ஊற்றி வைத்திருப்பார்கள். ஹொப்பி போத்தலுக்கு 'வெளி' என்று பெயர், ஷோச்சுவுக்கு 'உள்' என்று பெயர். ஒரு வெளிக்கு இரண்டு உள் வாங்குவது வழக்கம், ஊற்றும் கை தாராளமாக இருந்தால் மூன்றாவது உள்ளில் நீங்கள் வெளியே இருப்பீர்கள். இன்னொன்று, இதை முக்கியமாக: போதை வேண்டாம் என்று ஊலோங் தேநீர் கேட்டால் 'ஊலோங்-ச்சா' என்று சொல்ல வேண்டும். 'ஊலோங்-ஹை' என்றால் அதே நிறம், அதே ஐஸ், அதே கிளாஸ், ஆனால் உள்ளே ஷோச்சு. கூட்டத்தின் வாலாக நான் போன ஓர் இரவில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அக்கா தேநீர் என்று நினைத்து மூன்று கிளாஸ் குடித்துவிட்டார், 'இந்த ஊர் தேநீர் எவ்வளவு இதமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே. அவரைத் தங்குமிடத்தில் கொண்டு விட்டது நான்தான். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தண்ணீர் கேளுங்கள், 'ஓஹியா' என்றால் போதும், காசு கிடையாது.

வயது 20 ஆகியிருக்க வேண்டும், இங்கே 2017 டிசம்பரிலிருந்து 21 என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், வெளிநாட்டுப் பயணிக்கு அது சட்டப்படியே கட்டாயம். புகை வாடை சட்டையில் ஏறும், 2020 ஏப்ரலில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தாலும் சின்னப் பழைய கடைகளுக்கு விலக்கு உண்டு. படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஒரு தடவை எங்கள் குழுப் பையன் ஒருவன் மூலையில் உட்கார்ந்திருந்த கிழவரைச் சும்மா ஒரு கிளிக் எடுத்தான், மாமா-சான் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார், சத்தம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஐந்து நிமிடத்தில் நாங்கள் எல்லாரும் படி இறங்கியிருந்தோம்.

சுற்று முடிந்த பிறகுதான் ஆபத்து, சுற்றில் இல்லை. ஒன்பது பத்து மணிக்குக் கைடு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார், நீங்கள் உற்சாகத்தில் இருப்பீர்கள், கபுகிச்சோ தெருவில் நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் வந்து, ஒரு மணி நேரம் 2,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பார். நான் முதல் வருடத்தில் இரண்டு நண்பர்களோடு அப்படி ஒருவர் பின்னால் போய் நாலாவது மாடி ஏறினேன். கணக்குச் சீட்டு 38,000 யென். உட்கார்ந்த காசு, ஐஸ் காசு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குடித்த காசு. மூன்று பேர் பையையும் உதறிக் கொடுத்துவிட்டு நடந்தே போனோம், அந்த மாதம் முழுக்க முட்டையும் சோறும்தான். தெருவில் ஆள் பிடிப்பதற்கு எதிராக ஷின்ஜுகுவில் 2013லேயே சட்டம் போட்டார்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த அறிவிப்புக்குக் கீழே நின்றுதான் ஆள் பிடிக்கிறார்கள். உங்களைத் தேடி வந்து கூப்பிடும் கடைக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். தனியாகப் போகும் பெண் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: கிளாஸை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனால் திரும்பி வந்து புதிசு கேளுங்கள், ஆயிரம் யென் போனால் போகட்டும். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அடுத்தது விடிகாலை நாலரை ஐந்துக்குத்தான். டாக்சிக்கு இரவு பத்திலிருந்து ஐந்து வரை 20 விழுக்காடு கூடுதல். ஷின்ஜுகுவுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினால் இந்தக் கவலையே இல்லை. ஷிபுயாவும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், பாருங்கள், ஆனால் அங்கே 2024 அக்டோபரிலிருந்து மாலை 6 முதல் விடிகாலை 5 வரை ஸ்டேஷன் சுற்றுவட்டாரத் தெருவில் குடிக்கக் கூடாது.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அழித்த மாதிரி இருந்தது, ஆனாலும் பதில் சொல்கிறேன். நம் வீடுகளில் குடி என்றாலே முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பாட்டி சம்பள நாளில் கள்ளுக்கடை வழியில் போய் நிற்பாராம், தாத்தா அங்கே திரும்புவதற்கு முன்னால் காசைப் பிடுங்க. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, கொடுத்த சம்பளம் அங்கேயே கரையும். 1941ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. அப்புறம் சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்து இன்னும் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று உங்களுக்கே தெரியும். அதனால் அம்மா கோபப்பட்டால் அது பழமைவாதம் என்று ஒதுக்காதீர்கள். அதற்காகப் போகாமலும் இருக்காதீர்கள், மூன்று கடையில் மூன்று தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் அந்தப் படியும் அந்த அட்டைகளும் அங்கேதான் இருக்கும். ஸ்டேட்டஸ் போடும்போது மட்டும் சித்தப்பா, பெரியப்பாக்களை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

இதே யோசனையை வேறு ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிராக் நகரத்தில் 2024 கடைசியில் இரவு 10 முதல் காலை 6 வரை இந்த மாதிரி ஏற்பாடு செய்த சுற்றுகளையே தடை செய்துவிட்டார்கள், குடியிருப்பவர்கள் தூங்க முடியவில்லை என்று. லாவோஸின் வாங் வியேங்கில் அதே வருடம் நவம்பரில் மெத்தனால் என்கிற விஷம் கலந்த சாராயத்தால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். 2018ல் சிலாங்கூர் பக்கம் நம் நாட்டிலேயே அதே கதை நடந்தது. கலப்படத்துக்குப் பேர்போன பக்கங்களில் 'இலவச ஷாட், அளவில்லாத ஷாட்' என்று போட்ட சுற்றில் சேரவே வேண்டாம், மூடி திறக்காத பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேறென்ன. உட்காரும் காசுக்கும் லாக்கருக்கும் சில்லறை வேண்டியிருக்கும், என்னிடம் ஒரு பால்மாவு டின்னில் 100 யென், 500 யென் நாணயங்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன, மாற்றும் இடத்தில் நாணயம் வாங்க மாட்டார்கள். நவம்பருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். வெள்ளியாகத் தர வேண்டாம், ஒரு தே தாரிக் போதும்.